பெயர் சொல்லிக் கேட்ட துஆ

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. இதை முதலில் எழுதிவிட்டேன். இனி எழுதப்போவதில் கோபம் நிறைய இருக்கும். சகோதரிகள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நடந்தது ரமலானில், நாலு மாதம் போய் இப்போது முஹர்ரம். இன்னும் எனக்கு ஆறவில்லை.

என் கணவர் இப்ராஹிம் குவைத்தில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். அங்கே இருக்கும்போதுதான் அவருக்கு ரத்தப் புற்று என்று தெரிந்தது. மெதுவாக வளரும் வகை. தினம் மாத்திரை போட்டால் அடங்கிக் கிடக்கும், நிறுத்தினால் தலைதூக்கும். அங்கே மருத்துவர் எழுதிக் கொடுத்தார், இவர் தவறாமல் போட்டார், வேலைக்கும் போனார். ரமலானுக்கு ஒரு மாதம் இருக்க, ரஜப் மாதக் கடைசி வியாழனன்று, கம்பெனியில் ஆட்குறைப்பு என்று ஊர் திரும்பினார். கையில் இருந்த மாத்திரை ரமலான் பிறக்கும்வரைதான் வரும்.

திருச்சியில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமா? அடுத்த மாதம் ஷஅபான் முழுக்க அலைந்தேன். மருந்துக் கடைக்காரர் காலி அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது சும்மா தர்ற மாத்திரை இல்லைங்க. நம்ம ஊர் டாக்டர் சீட்டு வேணும்" என்றார். எங்கள் குடும்ப மருத்துவரோ, "நான் எழுதக் கூடாதும்மா. ரத்த நோய் ஸ்பெஷலிஸ்ட்தான் எழுதணும்" என்றார். இரண்டும் நியாயம். ஆனால் அந்த ஸ்பெஷலிஸ்ட் எங்கே என்று இருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் வரவேற்பில் இருந்த பெண் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"டாக்டர் லீவுங்க. பெருநாள் கழிச்சு வாங்க."

"அதுவரைக்கும் மாத்திரைக்கு என்ன செய்றது?"

"அதை டாக்டர்கிட்டதான் கேக்கணும்."

"எந்த டாக்டர்கிட்ட?"

"லீவு முடிஞ்சு வருவாருல்ல, அவருகிட்ட."

வெளியே வந்து படிக்கட்டில் நின்று அழுதேன். என் கணவர், "விடு ஜரீனா, பொறுமையா இரு" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு அப்போது உடம்பு எரிந்தது.

இதைவிட என்னை எரித்தது வீட்டுக்குள் இருந்த பூட்டு. என் நாத்தனார் ஹபீபா அக்காவின் மகள் சபியாவுக்குச் சென்னையில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். "தாய்மாமனுக்கு இப்படி ஒரு நோவுன்னு தெரிஞ்சா பரம்பரைன்னு பேசுவாங்க. நிக்காஹ் முடியிறவரைக்கும் வாயைத் திறக்காதே" என்று அக்கா என்னிடம் சொல்லிவைத்திருந்தார். அது பரம்பரையாக வருவது இல்லை என்று படித்ததை எடுத்துச் சொன்னேன். "உன் படிப்பை நீயே வெச்சுக்க" என்றார். கேட்பவர்களிடமெல்லாம் 'ரத்தக் குறைவு' என்றே சொல்லிவந்தோம். சென்னைக்குப் போய்ப் பார்க்கலாம் என்றேன். "அங்கேதானே மாப்பிள்ளை வீடு? யாராவது பார்த்துட்டா?" என்றார் என் கணவர். சாகப்போகிற மனிதர் யாருக்குப் பயப்படுகிறார் பாருங்கள்!

ரமலான் பிறந்தது. மாத்திரை தீர்ந்தது. அட்டையில் ஒன்றுகூட இல்லை. தொழுகைப் பாயில் உட்கார்ந்து, "யா அல்லாஹ், ஒரு டாக்டரைக் காட்டு. எனக்கு வேண்டியது ஒரே ஒரு கையெழுத்து. உன் கஜானாவில் அதுகூட இல்லையா?" என்று கேட்டேன். அவனுடைய அடியாள் ஒருத்தி கேட்கக்கூடாத தோரணைதான். கேட்டேன்.

எங்கள் தெருவில் ஞாயிறுதோறும் லுஹர் தொழுகைக்குப் பிறகு பெண்களுக்கான மார்க்க உரை, பயான், நடக்கும். முடிவில், உரை நடத்தும் ஆலிமா துஆ ஓதுவார். தேவை உள்ளவர்கள், "எனக்கு ஒரு ஹாஜத்து இருக்கு, துஆ செய்ங்க" என்பார்கள். என்ன தேவை என்று யாரும் சொல்வதும் இல்லை, கேட்பதும் இல்லை. அது மரியாதையாம். நானும் வாராவாரம் அப்படித்தான் சொல்லிவந்தேன். எல்லோரும் ஆமீன் சொல்வார்கள், எழுந்து போவார்கள்.

ரமலானின் இரண்டாம் ஞாயிறு. துஆ முடிந்ததும் ஒரு பெண் என் கையைப் பிடித்து, "உங்க வீட்டுக்காரருக்கு ரத்தம் கம்மியாமே? நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத்தைக் கூட ரெண்டு குடுங்க. சரியாயிடும்" என்றாள். அவள் நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். எனக்கு எங்கிருந்தோ பொத்துக்கொண்டு வந்தது.

"ரத்தம் கம்மி இல்லம்மா. ரத்தத்துல கேன்சர். மாத்திரை தீர்ந்துபோச்சு. எழுதிக் குடுக்க இந்த ஊர்ல ஒரு டாக்டர் கிடைக்கல. பேரீச்சம்பழம் குடுக்கச் சொல்றீங்களே!"

கூட வந்திருந்த ஹபீபா அக்கா என் தொடையைக் கிள்ளினார். "நல்லா கிள்ளுங்கக்கா" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

அப்போது மைமூன் அக்கா என் பக்கம் நெருங்கி வந்தார். எங்கள் வீட்டுக்கு மூன்றாம் வீடு. வருடக்கணக்காகப் பயானில் என் பக்கத்தில் உட்காருபவர். மெல்லிய குரலில், "என் மவனுக்கும் அதேதான். மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் வேலைக்குப் போறான். ஸ்ரீரங்கத்துல ஒரு டாக்டர் பார்க்குறாரு" என்றார்.

மைமூன் அக்கா மாதம் ஒருமுறை ஸ்ரீரங்கம் போவது தெருவுக்கே தெரியும். அங்கே நல்ல தையல்காரர் இருக்கிறார் என்று சொல்லிவைத்திருந்தார். நான்கூட ஒருமுறை ரவிக்கைத் துணி கொடுத்தனுப்பினேன். தைத்தும் வந்தது!

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம். "வாராவாரம் என் பக்கத்துல உக்காந்து ஆமீன் சொன்னீங்களே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவரும் விடவில்லை. "நீ என்னன்னு சொன்னியா? ஹாஜத்துன்னே. நானும் ஹாஜத்துன்னேன். நீயும்தான் எனக்கு ஆமீன் சொன்னே. என்னைக்காவது என்னன்னு கேட்டியா?"

இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு நின்றோம். பிறகு அவர், "நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்குக் கிளம்பி நில்லு. நான் வரேன்" என்றார்.

மறுநாள் ஸ்ரீரங்கத்தில் மாசித் தெப்பத் திருவிழா. அம்மா மண்டபம் சாலையிலேயே ஆட்டோ நின்றுவிட்டது. என் கணவரை நடுவில் விட்டு, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தோம். மருத்துவர் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்த நோய் ஸ்பெஷலிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சித்திரை வீதியில் வீட்டின் முன்னறையிலேயே பார்க்கிறார். வாசலில் போர்டு கிடையாது. நெற்றியில் திருமண், மூக்கு நுனியில் கண்ணாடி. குவைத் ரிப்போர்ட்டை ஒரு தாள் விடாமல் படித்தார்.

"மாத்திரை நின்னு எத்தனை நாளாறது?"

என் கணவர் சொன்னார்.

"ஏன் இவ்வளவு நாள் வரலை?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன், சம்பந்தம் உட்பட. அவருக்கு வந்த கோபம் என்னுடையதைவிடப் பெரிது. "ஊருக்குப் பயந்துண்டு ரத்தத்தோட விளையாடுவேளா? இந்த மாத்திரையை ஒருநாள்கூட நிறுத்தப்படாது. கேட்டேளா?" என்று என் கணவரைப் பிடித்துக்கொண்டார். இவர் பள்ளிக்கூடப் பையனைப் போலத் தலையை ஆட்டினார். அன்று அந்தத் திட்டு எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா!

அடுத்த தெரு லேப்பில் ரத்தம் எடுத்தார்கள். வெள்ளணு ஏறத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இந்த மாத்திரையே கேட்காமல் போயிருக்கலாம் என்றார் டாக்டர். எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாலையே மாத்திரை வாங்கினோம். நோன்பு திறந்து சாப்பிட்ட கையோடு என் கணவர் அதை விழுங்கினார். அல்ஹம்துலில்லாஹ் என்று நான் சத்தமாகச் சொன்னது அன்றுதான்.

மூன்று மாதம் கழித்து, துல்ஹஜ்ஜில் எடுத்த சோதனையில் நோய் மறுபடி அடங்கியிருந்தது. அவர் இப்போது உறையூரில் ஒரு கடையில் வேலைக்குப் போகிறார்.

சென்னைச் சம்பந்தம் நின்றுபோனது. ஹபீபா அக்கா இன்றுவரை என்னோடு பேசவில்லை. சபியா மட்டும் போன் செய்து, "மாமி, மாமாவோட நோவுக்குப் பயந்தவங்க நாளைக்கு எனக்கு ஒரு காய்ச்சல் வந்தா என்ன செய்வாங்க? நல்லதாப் போச்சு" என்றாள். அவளுக்காக நான் கேட்கும் துஆவைப் பெயர் சொல்லியே கேட்கிறேன்: நல்ல மாப்பிள்ளை.

சகோதரிகளே, ரப்பிடம் அழுங்கள், சண்டைகூடப் போடுங்கள், அவன் தாங்குவான். மனதில் உள்ளது அவனுக்குத் தெரியும். பக்கத்துப் பாயில் இருப்பவளுக்குத் தெரியாது. என் வீட்டுக்கு மூன்றாம் வீட்டில் அவன் பதிலை வைத்திருந்தான்; நாங்கள்தான் வாயைப் பூட்டிக்கொண்டு ஆமீன் சொன்னோம். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்தால் பயானுக்கு வந்து என்னிடம் சொல்லுங்கள். சத்தமாகவே சொல்லுங்கள். மைமூன் அக்காவும் நானும் மாதாமாதம் ஸ்ரீரங்கம் போகிறோம். ஆட்டோவில் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது.