வெயிலில் வைத்த தலை

பொற்கொடி படித்த ஓவியப் பள்ளியில் பெண்களுக்கு வரைய மனித உடம்பு கிடையாது. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் நடந்த பள்ளி அது. காவலாளி வேலன் சட்டையைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்காருவார். பையன்கள் சுற்றி அமர்ந்து அவரை வரைவார்கள். பெண்பிள்ளைகளுக்குத் தட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டர் பாதம். குழாயடியிலும் டீக்கடையிலும் வெற்றுடம்பு ஆண்களைப் பார்த்தே வளர்ந்த பெண்கள் வேலனின் தொப்பையைப் பார்த்தால் கெட்டுப்போவார்கள் என்று முடிவு கட்டியவர் ஆசிரியர் நரசிம்மலு. பொற்கொடி அவருக்கு மனதுக்குள் நாளுக்கொரு பெயர் வைத்தாள்.

பையன்களாவது உருப்படியாக எதையும் கிழித்தார்களா என்றால் அதுவும் இல்லை. அந்தத் தொப்பைக்கு மேல் சினிமாக் கதாநாயகனின் மார்பை ஒட்டிவைத்தார்கள். வேலன் அசைந்துகொண்டே இருக்கிறார் என்று புகார் வேறு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பொற்கொடி சூலூர் பஸ்ஸில் தூங்கி வழிகிற முகங்களை வரைந்து வரைந்து கையைப் பழக்கிக்கொண்டாள்.

தொண்ணூற்றாறு சித்திரையில் கடைசித் தேர்வு வந்தது. உயிருள்ள ஓர் ஆளை எதிரே உட்காரவைத்துக் களிமண்ணில் தலை செய்ய வேண்டும். அதில் தேறாவிட்டால் படிப்புக்கு முழுக்கு, அடுத்தது கல்யாணம் என்று அப்பா சொல்லிவிட்டார். உட்காரத்தான் ஆள் கிடைக்கவில்லை. உயிரோடு இருக்கும்போது உருவம் பிடித்தால் ஆயுசு குறையுமாம். செத்த பிறகு போட்டோவைப் பெரிதாக்கி, நரையைக் கறுப்பாக்கி, மாலை போட்டு மாட்டுவதில் மட்டும் இந்தச் சனங்களுக்குக் குறைச்சல் இல்லை.

கடைசியில் அத்தை சாமியாத்தாள் வந்தாள். அப்பாவின் அக்கா. சின்ன வயதிலேயே புருசனைப் பறிகொடுத்துவிட்டு, தம்பி வீட்டில் தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். தன் ஆயுசு குறைந்தால் யாருக்கு நஷ்டம் என்று கேட்டுவிட்டு முக்காலியில் அமர்ந்தாள்.

மரக்கட்டையில் கம்பியைச் சுற்றி, சாக்குக் கட்டி, குளத்து மண்ணை அப்பி, பொற்கொடி தலையை உருவாக்கினாள். தாழ்ந்த இமை, தொங்கிய உதடு, கண்ணீர் ஒன்றுதான் பாக்கி. மண்ணைத் தொடுமுன் அத்தையை அவள் வரைந்திருந்த படத்தைப் பார்த்த நரசிம்மலு, விதவையின் சோகம் அருமையாக வந்திருக்கிறது என்று பாராட்டினார். யாரை மதிக்கவில்லையோ அவர் பாராட்டும் இனிக்கத்தான் செய்தது.

களிமண் காய்ந்தால் வெடித்துவிடும். வேலை முடியும்வரை நனைத்த துணியால் மூடியே வைக்க வேண்டும். அத்தையின் பழைய வெள்ளைப் புடவையைக் கிழித்து நனைத்து, தலையைச் சுற்றித் தறிக்கொட்டகை மூலையில் வைத்துவிட்டு அவள் பள்ளிக்குப் போனாள்.

அன்றைக்குப் பார்த்து, அண்ணனுக்குப் பேசியிருந்த காங்கேயத்துப் பெண்வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். தேங்காயெண்ணெய் மில்காரர்கள். கார் வந்து நின்றதும் அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஈர வெள்ளைத்துணி சுற்றிய தலையைப் பார்த்தால் வீட்டில் பிணம் கிடக்கிறது என்று திரும்பிப் போய்விடுவார்களே என்று நடுங்கினாள். துணியை உருவிப்போட்டாள். தறி ஓட்டுகிறவரைக் கூப்பிட்டு, தலையை மொட்டைமாடிக்குத் தூக்கிப் போகச் சொன்னாள்.

சித்திரை வெயில் சும்மா விடுமா? சாயங்காலம் பொற்கொடி மாடியேறிப் பார்த்தபோது நெற்றியிலிருந்து தாடைவரை வெடித்திருந்தது. மூக்கு தனியாகக் கழன்று கிடந்தது. பானையை வெயிலில் வைத்தால்தானே கெட்டிப்படும் என்று அம்மா நியாயம் சொன்னாள். உசுரோடிருக்கிறவளுக்கு உருவம் பிடித்ததற்குச் சாமி காட்டிய சகுனம் என்றார் அப்பா. மாடிக்குத் தூக்கிப் போனதும் சாமிதானா என்று பொற்கொடி கேட்டாள்.

திங்கட்கிழமை தேர்வாளர் வருகிறார். ஞாயிற்றுக்கிழமை காங்கேயத்தில் நிச்சயம். மாப்பிள்ளையின் தங்கை தட்டுத் தூக்காமல் எப்படி என்று வீடே குதித்தது. பட்டுச் சுற்றி நிறுத்த ஒரு பொம்மைதான் வேண்டுமென்றால் கடைவீதியில் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவள் மண் பிசையப் போனாள். பின்னாலேயே அத்தை வந்தாள்.

"என்னைய எப்படியும் ஊட்டுக்குக் காவலுக்குத்தான் உட்டுட்டுப் போறாங்க. சும்மா உக்காந்திருக்கறதுக்கு உன்ற முன்னால உக்காந்துக்கறேன் கண்ணு."

ஞாயிறு காலையில் மல்லிகையும் ஜவ்வாதும் மணக்க எல்லோரும் வேனில் ஏறினார்கள். நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் எதிரில் படக்கூடாது என்பதால் அத்தை கொட்டகைக்குள்ளேயே இருந்தாள். வேன் கிளம்பியதும் அது போன திசையை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சோகம் ஒரு சொட்டுகூட இல்லை. உதட்டின் ஓரம் ஏறியிருந்தது. வந்தவர் போனவர் அத்தனை பேரையும் எடைபோட்டு, ஒன்றும் தேறாது என்று தள்ளிய முகம் அது. எதிரே இருப்பதைப் பார்த்து வரையாத பையன்களைக் கேலி செய்தவள், விதவை என்றால் அழுமூஞ்சி என்று தானும் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துவைத்திருந்தாளே! பொற்கொடிக்கு மானம் போயிற்று. அத்தையை அப்படியே இருக்கச் சொல்லிவிட்டு மண்ணை அள்ளி அப்பினாள்.

பொழுது சாய்வதற்குள் தலை முடிந்தது. திரும்பி வந்த அம்மா பட்டுப்புடவையோடு கொட்டகைக்குள் எட்டிப் பார்த்துத் திடுக்கிட்டாள். நாத்தனார் யாரையும் இப்படி முறைத்ததே இல்லை, உதட்டைக் கொஞ்சம் இறக்கு, கண்ணைத் தாழ்த்து, சாந்தமாக்கு என்று அடுக்கினாள். பொற்கொடி வாயைத் திறப்பதற்குள் சாமியாத்தாள் முக்காலியை விட்டு எழுந்தாள்.

"இருவது வருசமா இதே மூஞ்சிதான் அம்மணி. நீதான் ஒருநாளும் நிமுந்து பாக்குல."

அம்மா அப்போதும் அவளைப் பார்க்கவில்லை. மண்தலையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.