வேனை விட்டு இறங்காத அம்மா

மகள் கோகர்ணம் வரை கடலோரமாகக் காரில் போய்விட்டு நேற்று மைசூர் திரும்பினாள். இன்று மதியம் காரைத் துடைக்கலாமென்று அதன் கதவைத் திறந்தேன். வெயிலில் வெந்த சீட்டின் வாடையும் உப்பு மணலின் வாடையும் முகத்தில் அடித்தன. ஒரு நொடியில் எனக்கு வயது ஒன்பது.

அன்று அப்பா வாடகை வேனில் எங்களை அதே வழியில் கூட்டிப்போனார். அம்மா அதுவரை கடலையே பார்த்ததில்லை. மங்களூர் லாட்ஜில் அவள் ஒளித்து ஒளித்துத் துணி அலசுவதைப் பார்த்துவிட்டேன். வீட்டில் அந்த மூன்று நாளும் அவளுக்குத் தனித் தட்டு, தனிப் பாய். பெருமையாக ஓடிப்போய்ச் சொன்னேன்: "அப்பா, அம்மா தூரம்பா!"

"கோயிலுக்குப் போற வண்டி. எங்கயும் எறங்காத. கடல்லயும் கால் வைக்கக் கூடாது" என்றார் அப்பா அவளிடம்.

உடுப்பி, மல்பே, முருடேஸ்வரம் எங்கும் அம்மா வேனிலேயே இருந்தாள். அலையில் ஆடிவிட்டு வந்த என் ஈரப் பாவாடையைப் பிழியக் கை நீட்டி, "தண்ணி சில்லுனு இருந்துச்சாடி?" என்றாள்.

"தொடாதம்மா" என்றேன். கையை இழுத்துக்கொண்டாள்.

மகளுக்கு இந்தக் கதை பாதிதான் தெரியும். "தாத்தா எவ்ளோ மோசம்மா!" என்பாள்.

ஆமாம் என்றுவிடுவேன்.