துரைக்காளையின் மகள்கள்

அந்தக் கிடுக்கி எண்ணெய்த் தாளில் சுற்றி, மரப்பெட்டிக்குள் பத்திரமாக வந்து இறங்கியது. இரண்டு நீண்ட கைப்பிடி, முனையில் பல்லில்லாத ஒரு வாய். தோலை வெட்டாது, ரத்தம் வராது. உள்ளே விதைக்குப் போகிற நரம்பை மட்டும் நசுக்கிவிடும். காயடிக்கப்படும் காளை உடனே கத்தாது, என்ன நடந்தது என்று அதற்குப் புரிய ஒரு நொடி ஆகும். அந்த நொடியில் ஈரச் சுள்ளி ஒடிவது போல ஒரு சத்தம் கேட்கும். மேலூர்ப் பக்கத்து மாட்டாஸ்பத்திரி ஒன்றில் கம்பவுண்டராக இருந்த நான், முதல் நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் ஓடி, காலையில் தின்ற பணியாரத்தை எல்லாம் மண்ணிடம் ஒப்படைத்தேன். அதற்கப்புறம் வெகு நாளைக்கு என்னால் முறுக்குக் கடிக்க முடியவில்லை. பல்லில் கோளாறு என்று நினைத்து என் மனைவி கிராம்புத் தைலம் வைத்துவிட்டாள்.

இரண்டாவது உலகச் சண்டை வருவதற்கு முந்தைய வருடங்கள் அவை. எங்கள் டாக்டர் மதுரை டவுனிலிருந்து பஸ்ஸில் வந்துபோவார். நல்ல மனிதர்தான், லஞ்சத்துக்குக் கை நீட்ட மாட்டார், ஏழைகளிடம் கோபிக்க மாட்டார். அவருக்கு ஒரே ஒரு பக்தி, ஆஸ்பத்திரிக் கொட்டகையில் நின்ற சர்க்கார் காளை. வடக்கேயிருந்து ரயிலில் வந்த வெள்ளைக்காளை அது. கழுத்துக்குக் கீழே தொங்கும் அலைதாடி முழங்காலைத் தொடும். வெயிலில் நிற்காது, வேளைக்குத் தீனி கேட்கும், உழவு வண்டி என்று ஒரு வேலையும் கிடையாது; ஆகவே ஊர்க்காரர்கள் அதற்குத் துரைக்காளை என்று பெயர் வைத்தார்கள். அது நிற்கிற வட்டாரத்தில் பசுவுக்கு விடுகிற வேறு பொலிகாளையே இருக்கக்கூடாது, மற்றதையெல்லாம் காயடித்து வண்டியில் பூட்டுங்கள் என்று மேலிடத்து உத்தரவு. செவலை, மயிலை, காரி, மறை என்று ஊருக்கு ஒரு நிறம், ஊருக்கு ஒரு கொம்பு. அத்தனையையும் இந்தக் கையால்தான் நசுக்கினேன். “கண்டதும் கலந்துதான்யா நம்ம மாடு சீரழிஞ்சுபோச்சு. இனிமே பாரு, எல்லாம் ஒரே அச்சு!” என்பார் டாக்டர்.

என் மாமனார் ஒத்தக்கடைப் பக்கம், ஆனைமலை அடிவாரத்தில் கிடை வைத்திருந்தார். அறுவடை முடிந்த வயல்களில் மாடுகளைக் கூட்டமாக மடக்கி நிறுத்தினால் சாணமும் கோமியமும் நிலத்துக்கு உரம்; அதுதான் கிடை. மனிதருக்கு வாய் கொஞ்சமல்ல. ஆஸ்பத்திரி மருந்தால்தான் மாட்டுக்கு நோயே வருகிறது என்பது அவர் கட்சி. என் கல்யாணத்தன்று பந்தியில், “மாப்ள மாட்டுக்கு எனிமா குடுக்கிற உத்தியோகம்” என்று என்னைச் சொந்தபந்தங்களுக்கு அறிமுகம் செய்துவைத்தவர். அவர் கிடையில் ஒரு வழக்கம் இருந்தது. தன் கிடையில் பிறந்த காளையை ஒருநாளும் தன் பசுக்களுக்குப் பொலிகாளையாக விட மாட்டார். மேற்கே கீழக்குயில்குடிப் பக்கத்துக் கிடைக்காரர் ஒருவருக்குத் தன் காளையைக் கொடுத்து, அவருடைய காளையை வாங்கிக்கொள்வார். அதற்குப் பிறந்த கிடேரிகள் பருவத்துக்கு வருமுன் அந்தக் காளையும் வேறொரு கிடைக்குப் போய்விடும். சம்பந்தம் பேசுகிற மாதிரியே வெற்றிலை மாற்றிக்கொண்டு நடக்கும். கிழவருக்குக் கிறுக்கு என்று நினைத்துக்கொண்டு நானும் வெற்றிலை போட்டேன்.

துரைக்காளையின் மகள்கள் வளர்ந்தார்கள். சொன்னபடியே ஒரே அச்சு. அதே நெற்றி, மை தீட்டியது போல அதே கண். பெரியாறு வாய்க்கால் தண்ணீர் பாய்ந்த சேற்றில் நடந்தால் எல்லாவற்றுக்கும் குளம்பு வெள்ளரிப்பழமாய் விரிந்துகொண்டது. நோய் என்றால்கூட ஒன்றிரண்டுக்கு வரும், ஒன்றிரண்டு தப்பும். இதில் தப்புவதற்கு ஆளே இல்லை. இப்போதுகூட அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் வயலுக்கு வயல் ஒரே மாடு மேய்வது போல இருக்கும். பார்க்கச் சகியாமல் பக்கத்து சீட்டுக்காரரின் பத்திரிகையை எட்டிப் படிக்க ஆரம்பித்துவிடுவேன்.

குளம்பையாவது பொறுத்துக்கொள்ளலாம். அந்தக் கிடேரிகள் காளைக்குக் கத்த ஆரம்பித்தபோது, ஆஸ்பத்திரிக் கணக்குப்படி வட்டாரத்தில் காளை என்று மிச்சம் இருந்தது அவற்றின் அப்பன் மட்டும்தான். அக்காள் மகளைக் கட்டலாமா, சித்தி மகள் என்ன முறை என்று நாள் கணக்கில் வாதாடுகிற ஊர் இது. கிடேரியைக் கட்டிப்போட்டுத் துரைக்காளையை அவிழ்த்துவருவது என் வேலை. முன்னால் ஒரு முகம், கையில் பிடித்த கயிற்றில் அதே முகம். என்னையே ஏதோ மாதிரிப் பார்க்கும் நான்கு கண்கள். நான் ஆனைமலையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வேன். ஓட்டிவந்த ஒரு பெண், “தூ, இதெல்லாம் ஒரு பொழப்பாண்ணே?” என்று கேட்டுவிட்டுக் கிடேரியை அவிழ்த்துக்கொண்டே போய்விட்டாள். அப்படிச் சேர்த்ததில் ஒன்று மேலண்ணம் பிளந்த கன்று போட்டது. குடித்த பால் மூக்கு வழியே ஒழுகியது. “குளிர் பட்டிருக்கும்” என்றார் டாக்டர். சித்திரை மாத வெயிலில் எந்தக் குளிர் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, வேறு ஏதோ வந்தது. மறுபடி வேலி ஓரம் ஓடினேன்.

அப்போதுதான் மாமனாரின் மயிலைக்காளை டாக்டர் காதுக்கு எட்டியது. வட்டாரத்தில் கிடுக்கி படாத கடைசிப் பொலிகாளை. “அடுத்த வாரம் உங்க மாமனார் ஊருக்குப் போறோம்யா” என்றார். செய்தி எனக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து பதிலும் வந்தது. “அந்தக் கிடுக்கி என் காளை மேல படுற அன்னைக்கு, மாப்ள, என் மக எங்க வீட்டுல இருப்பா.” இதை மனைவியிடம் சொன்னேன். அவள் டிரங்குப் பெட்டியைத் தூசி தட்டிவைத்தாள். வேலையா பெண்டாட்டியா என்று நான் கலங்கியதில் ஒரே நாளில் அழகர், மீனாட்சி, பாண்டிமுனி மூவருக்கும் மொட்டை நேர்ந்துகொண்டேன். இருந்தது ஒரு தலை, அதிலும் பாதிதான் முடி என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், காலில் விழுந்தாவது காளையை வேறு ஊருக்கு ஓட்டச் சொல்லலாம் என்று மாமனாரிடம் போனேன். வரப்பில் குடை பிடித்துக்கொண்டு டாக்டரே வருவதைப் பார்த்ததும் வைக்கோல் படப்புக்குப் பின்னால் பாய்ந்தேன். ஆனால் அவர் கையில் கிடுக்கி இல்லை. கயிறு இருந்தது, கயிற்றில் அவர் வீட்டுக் கிடேரி, அதுவும் துரைக்காளை மகள்தான், வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்தது.

மாமனார் பொடியை உறிஞ்சிக்கொண்டு, “பொண்ணு எந்தக் காளைக்குப் பொறந்தது?” என்றார்.

“சர்க்கார் காளைக்குத்தான்.”

“அப்ப அதுகிட்டயே விட வேண்டியதுதான? பெரிய எடத்து மாப்பிள்ளையாச்சே.”

டாக்டர் சட்டை நனைந்து நின்றார். “வீட்டுல வேண்டாங்கிறாங்க.”

“ஏனாம்?”

“அசிங்கமா இருக்காம்.”

“படப்புக்குப் பின்னால இருக்கிற மாப்ள, கேட்டுக்கிட்டீங்களா? அவுக வீட்டுப் பொண்ணுன்னா மட்டும் அசிங்கமா இருக்காம்.” சொல்லிவிட்டு மயிலையை அவிழ்த்துவிட்டார். கிடேரியைக் கிழவருக்கு மறுக்கத் தெரியாது. மனிதர்களை மட்டும்தான் மறுப்பார்.

கிடேரி சினை பிடித்துவிட்டதா என்பது தெரியும் வரை, அப்புறம் கன்று போடும் வரை, காளையைத் தொட வேண்டாம் என்று டாக்டர் நாளைக் கடத்தினார். நல்ல காளைக்கன்றாகப் பிறந்தது. மயிலை நிறம், இறுகின குளம்பு, எழுந்த சூட்டோடு ஓடியது. மேலூர்ச் சந்தைத் திடலில் கன்றுக் கண்காட்சி வந்தபோது டாக்டர் அதையும் ஓட்டிவந்து முதல் வரிசையில் கட்டினார். கண்காட்சி முடிந்த மறுநாள் மாமனார் காளைக்குக் கிடுக்கி என்று எனக்குக் கட்டளையும் போட்டார். அசிங்கம் இவ்வளவு சுத்தமான சட்டை போட்டு வந்து நிற்பதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

மதராசிலிருந்து வந்த பெரிய அதிகாரி அந்தக் கன்றின் காலைத் தூக்கிப் பார்த்து, “பிரமாதம். எந்தக் காளைக்கு?” என்றார்.

“நம்ம சர்க்கார் காளைக்குத்தான் சார்.”

கூட்டத்தில் என் மாமனார் நின்றார், பக்கத்தில் என் மனைவி. டிரங்குப் பெட்டி இல்லை, ஆனால் அவள் கண்ணில் அதைக் கட்டிவைத்திருந்தாள். அதிகாரி சந்தேகமாக என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு. இதுக்கு அப்பன் யாரு?”

டாக்டரைப் பார்த்தேன், மாமனாரைப் பார்த்தேன். “எங்க மாமனார், சார்” என்றேன்.

திடலே சிரித்தது. என் மனைவிகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உளறியதை நான் திருத்துவதற்குள் மாமனாரே முன்னால் வந்து, அப்பன் தம்முடைய மயிலைக்காளை என்பதையும், டாக்டர் குடை பிடித்து வந்த கதையையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். டாக்டர் தம் செருப்பைப் பார்த்தார்.

அதிகாரி கோபப்படவில்லை. மகிழ்ந்துபோனார். “அப்ப அந்த வெள்ளைக்காளையை ஓட்டிருங்க. இவரோட காளையைச் சர்க்கார் வாங்கிக்கட்டும். சுத்துவட்டாரத்துக்கு இந்த ஒண்ணு போதும். இனிமே வேற எதுவும் தலையெடுத்தா காயடிச்சிருங்க.”

கைதட்டினார்கள். யாரோ மாமனார் கழுத்தில் செவ்வந்தி மாலையைப் போட்டார்கள். என் பெண்டாட்டி எனக்கே, என் வேலையும் எனக்கே என்று நானும் பைத்தியம் போலக் கைதட்டினேன். மாமனார் மட்டும் மாலையைக் கழற்றிக் கன்றின் முன்னால் போட்டார். கன்று அதைத் தின்னத் தொடங்கியது. அவர் ஓரமாகத் திரும்பித் துப்பிவிட்டு வந்து, அதிகாரியிடம் கேட்டார்.

“என் காளைக்கும் மக பொறக்குமில்லய்யா?”

அதிகாரி அடுத்த கன்றுக்கு நகர்ந்துவிட்டார்.