சாரத்துரையின் காலுறைகள்

கபோ சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. தவமணி அக்காவின் மகள் ஓடிவந்து, "அன்ரி, சாரத்துரை மோர்த்தோ! அம்மா உங்களை சுபித்தோ, உடனை வரட்டாம்" என்றாள். இத்தாலியின் பலெர்மோவில் வளரும் எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் சாவைக்கூட இரண்டு மொழியில்தான் சொல்கிறார்கள். முதல் நாள்தான் அவருடைய உடுப்புகளை அயர்ன் பண்ணி வைத்துவிட்டு வந்திருந்தேன். காலையில் தேத்தண்ணீருக்குக் கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தவர் அப்படியே போய்விட்டாராம். கேத்தில் கருகிய மணத்தில் பக்கத்து வீட்டுச் சின்யோரா கதவைத் திறப்பித்திருக்கிறார். நான் கத்தரிக்காயைத் தட்டிலேயே போட்டுவிட்டு நடந்தேன்.

அவரை அறிந்த உங்களுக்கு அறிமுகம் தேவையில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெயர் அலெக். ஊர் ஸ்கொட்லாந்து. கப்பல்களில் எஞ்சினியராக இருந்து, பலெர்மோப் பெண் ஒருத்தியைக் கலியாணம் முடித்து, இங்கேயே தங்கி, பிறகு அவளையும் பறிகொடுத்துப் பொலிதேயாமா அரங்குக்குப் பின்னால் ஒரு நாலாம் மாடியில் தனியாக இருந்தவர். கோடையோ மாரியோ, கட்டம் போட்ட கம்பளி மடிப்புப் பாவாடைதான் உடுப்பார். கில்ட் என்பது அதன் பெயர். அவருடைய ஊரில் ஆண்கள் அதைக் கலியாணம் காட்சிக்கு உடுப்பார்கள். இவர் நாள்தோறும் உடுத்தார். "எஞ்சின் ரூமிலை காற்சட்டைக்குள்ளை வெந்தது காணும்" என்று காரணம் சொல்வார். எங்கள் ஆட்கள் அதைத் தாங்கள் வீட்டில் கட்டுகிற லுங்கியைப் போலச் சாரம் என்று தீர்மானித்து, சாரத்துரை என்று பெயரும் வைத்துவிட்டார்கள். விஷயம் காதுக்கு எட்டினால் கோபிப்பார் என்று பயந்தோம். மனிதர் அடுத்த கிழமையே தொலைபேசியில், "சாரத்துரை கதைக்கிறன்" என்று தொடங்கினார். என்னோடு அவர் பேசியது பெரும்பாலும் இத்தாலியமும் இடையிடையே பொறுக்கிய தமிழும். அதை இங்கே எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்.

நான் அவர் வீட்டுக்குத் துப்புரவு வேலைக்குப் போன முதல் நாள், பல்கனிக் கொடியில் நீளநீளமான கம்பளிக் காலுறைகள் வரிசையாகத் தொங்கின. வீட்டில் பந்து விளையாடுகிற பெடியன்கள் இருக்கிறார்களாக்கும் என்று நினைத்து, "பிள்ளைகள் எத்தனை பேர்?" என்று கேட்டேன். அவர் தன் கால்களைக் காட்டினார். கில்டுக்கும் சப்பாத்துக்கும் நடுவில் வெளியே தெரிவது காலுறைதான். அது நன்றாக இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண் என்பது அவருடைய சித்தாந்தம். ஸ்கொட்லாந்திலிருந்து தமக்கையார் பார்சலில் அனுப்புவார். பார்சல் வந்தால் அன்று எனக்கு வேலை ஓடாது. ஒவ்வொன்றுக்குள்ளும் கையை விட்டு, விரல்களை விரித்து, யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். இழைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் அது தள்ளுபடி. நெருக்கமாகப் பின்னியிருக்க வேண்டும். தனிக் கம்பளி குதியில் சீக்கிரம் தேயும், ஆகவே கொஞ்சம் நைலோன் கலந்திருக்க வேண்டும். குதியும் விரல் நுனியும் இரட்டை நூலில் இருக்க வேண்டும். பாதம் அளவாக இருக்க வேண்டும். பெரிதென்றால் சப்பாத்துக்குள் சுருண்டு தேயும், சிறிதென்றால் இழுபட்டுக் கிழியும்.

ஒருமுறை தமக்கையார் பால் நிறத்தில், பின்னல் பின்னலாக வேலைப்பாடு செய்த ஒரு சோடி அனுப்பியிருந்தார். எனக்குப் பார்த்த கண் எடுக்க முடியவில்லை. அவர் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, "இது போட்டோவுக்கு நிக்கிற சொக்ஸ். எனக்கு வேண்டியது படியேறுற சொக்ஸ்" என்றார். நான் விடவில்லை. சந்தையில் மலிவாக விற்கிறதே, அதை வாங்கிப் போட்டால் என்ன என்று கேட்டேன். சொன்னதற்காகவே கபோவுக்குப் போய் ஒரு சோடி வாங்கிப் போட்டார். பின்னேரம் கழற்றிய போது முழங்காலுக்குக் கீழே இறப்பர் பட்டி இறுக்கிய தடம் சிவந்துபோய்க் கிடந்தது. "சாந்தி, உம்மடை சந்தைச் சொக்ஸ் என்னைக் கைது செய்திட்டுது" என்றார். அதன்பின் நான் அந்த விஷயத்தில் வாய் திறக்கவில்லை.

எங்கள் வீடுகளுக்கு அவர் வரத் தொடங்கியது உடுப்புத் தோய்க்கிற மெஷினால். வேலை செய்கிற வீட்டுச் சின்யோரா புதிது வாங்கும்போது பழையதை எங்களுக்குத் தருவார். அது கொஞ்ச நாள் ஓடும், பிறகு வீட்டு நடுவில் நின்று தண்ணீர் கக்கும். தவமணி அக்காவின் மெஷின் அப்படிக் கக்கியபோது நான் அவரிடம் சொன்னேன். அன்றே திருத்து வேலை ஆயுதப் பெட்டியோடு வந்துவிட்டார். கபோவில் தெருவோடு ஒட்டிய ஒற்றை அறை வீடு அது. சமையல், படுக்கை, தவமணி அக்காவின் தையல் மெஷின், முருகன் படம், விளக்கு எல்லாம் அதற்குள்தான். கில்ட் உடுத்த ஒரு ஆம்பிளை அந்த அறையில் மண்டியிட்டு மெஷினுக்குக் கீழே எட்டிப் பார்த்தால் பெண்கள் எங்கே பார்ப்பது? எல்லோரும் முருகன் பக்கம் திரும்பிக் கும்பிட்டுக்கொண்டு நின்றோம். அந்த வீட்டில் அவ்வளவு பக்தி அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

அந்த முதல் நாள் அவர் சப்பாத்தோடு உள்ளே வந்துவிட்டார். அவர்மேல் பிழையில்லை. வாசலில் குனிந்தவரிடம் தவமணி அக்காதான், "பரவாயில்லை, சப்பாத்தோடை வாங்கோ" என்றார். நாங்கள் எல்லோரும் சொல்கிற மரியாதைப் பேச்சு அது. அவர் அதை நம்பி வந்து, எங்கள் முகங்களைப் பார்த்து, ஏதோ சரியில்லை என்று புரிந்து திகைத்து நின்றார். அக்காவின் கணவர் இரத்தினம் அண்ணை அவரை வெளியே கூட்டிப்போய் விளக்கம் கொடுத்தார். "எங்கடை ஆக்கள் அப்பிடித்தான் சொல்லுவினம். நீங்கள் கழட்ட வேணும். தேத்தண்ணி வேணுமோ எண்டு கேட்டா நீங்கள் வேண்டாம் எண்டு சொல்ல வேணும். அவை தருவினம். பிறகு குடிக்க வேணும்."

மனிதர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். பிறகு எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும், "வேண்டாம், வேண்டாம்" என்றபடியே கோப்பைக்குக் கையை நீட்டுவார். சப்பாத்தோடு வாருங்கள் என்று எவ்வளவு கெஞ்சினாலும் சிரித்துக்கொண்டே நாடாவை அவிழ்ப்பார். எங்களில் சிலரைவிட அவர் எங்கள் பழக்கத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தார். மெஷின் திருத்த வந்தவர் மெல்ல மெல்லப் பிறந்தநாளுக்கும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், ஒன்றுமில்லாவிட்டாலும் வரத் தொடங்கினார். பெரும்பாலான நாட்களில் அவருடைய மத்தியானச் சாப்பாடு எங்களில் யாரோ ஒருவருடைய சோறுதான்.

அவருடைய காலுறைகள் தேய்ந்தால் தைத்துக் கொடுக்கிறவள் நான் என்பதால் இந்தப் போக்குவரத்தின் விளைவு எனக்குத்தான் முதலில் தெரிந்தது. இரட்டை நூல் போட்ட குதி கல்லுப்போல இருக்க, உள்ளங்கால் பஞ்சாகத் தேய்ந்திருந்தது. பழைய வீடுகளின் உடைந்த ஓட்டுத் தரையில் சப்பாத்தில்லாமல் வீடு வீடாக நடந்தால் எந்தக் காலுறைதான் தாங்கும்? அவரிடம் சொன்னேன். அன்றே தமக்கையாருக்குத் தொலைபேசி எடுத்து, "அடி தடிச்சதாப் பாத்து அனுப்பு, எனக்கு இஞ்சை கன வீடுகள் இருக்கு" என்றார்.

அவருக்குச் சலரோகம், அதுதான் நீரிழிவு, இருந்தது. பாதங்கள் மரத்துப்போயிருந்தன. அதை அவர் எவருக்கும் சொல்லவில்லை. ஒருநாள் தோய்க்க எடுத்த கரும்பச்சைக் காலுறை ஒன்றின் உள்ளங்கால் விறைத்துக் கிடந்தது. தண்ணீரில் போட்டேன், தண்ணீர் சிவந்தது. ஓடிப்போய் வலது காலைத் தூக்கிப் பார்த்தால் பெருவிரலுக்குக் கீழே தவமணி அக்காவின் தையல் குண்டூசி ஒன்று தலைவரை ஏறியிருந்தது. ஊசி ஏறினது தெரியாமல் எத்தனை படி ஏறி இறங்கினாரோ தெரியாது. கால் வீங்கிப் பழுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் காப்பாற்றினார்கள். வீட்டுக்கு விடும்போது டொத்தோரே என்னையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்: வீட்டுக்குள்ளும் சப்பாத்து இல்லாமல் நடக்கக்கூடாது, இன்னொருமுறை இப்படி வந்தால் பாதத்தை எடுக்கத்தான் வேண்டியிருக்கும். காலுறையைப் பற்றியும் சொன்னார். விரலடியில் தையல் முடிச்சு இருக்கக்கூடாது, மேற்பக்கம் இறுக்கக்கூடாது, நிறம் வெளிறியதாக இருக்க வேண்டும், இரத்தம் வந்தால் கண்ணுக்குத் தெரிவதற்கு. அழுக்குத் தெரியாத கடும் நிறம்தான் உழைக்கும் என்று வாழ்நாளெல்லாம் வாதாடியவர் அன்று தலையாட்டினார்.

இனித்தான் கதையின் சிக்கல். தவமணி அக்கா அழுதழுது, "இனி சப்பாத்தோடைதான் வர வேணும், ஐயா" என்றார். சாரத்துரை சிரித்துக்கொண்டே நாடாவை அவிழ்த்தார். இரத்தினம் அண்ணை கையைப் பிடித்துத் தடுத்தார். "தெரியும், தெரியும், நீர்தானே பழக்கினனீர்" என்று அண்ணையின் தோளில் தட்டிவிட்டு அவிழ்த்தார். உண்மையாகவே சொல்கிறார்கள் என்று நான் சத்தியம் பண்ணினேன். "நீரும் அவையின்ரை ஆள்தானே" என்றார். விளக்கு எரிகிற வீட்டுக்குள் சப்பாத்தோடு போய் எங்கள் முகம் இன்னொருமுறை மாறுவதை அவர் காணத் தயாராக இல்லை. வாசலில் செருப்பு வைத்துக் கொடுத்துப் பார்த்தோம். மரத்த காலில் அது நிற்கவில்லை. ஒன்று கழன்று பின்னால் கிடக்க, தெரியாமலே நடந்து போனார்.

வேறு வழியில்லாமல் எங்கள் ஆட்கள் அவரைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். மெஷின் பழுதென்றால் கையால் தோய்த்தார்கள். பிறந்தநாள் என்றால் அவருக்குக் கேக் துண்டைக் கட்டி என்னிடம் தந்து விட்டார்கள். அவர் நாலாம் மாடியில் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்து கேக் சாப்பிட்டார். ஒருநாள் நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது, "சாந்தி, தவமணியின்ரை மெஷின் ஓடுதோ?" என்று கேட்டார். ஓம் என்று பொய் சொன்னேன். தன் ஆயுதப் பெட்டியைக் காலடிக்கு இழுத்து வைத்து, "என்னிலை ஏதும் பிழையெண்டால் நீர் சொல்ல வேணும். நான் திருத்துவன்" என்றார். காலைக் காப்பாற்றப் போய் மனிதரைச் சாகடித்துக்கொண்டிருந்தோம்.

நேரே தவமணி அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே தையலை முடித்தார், நூலைப் பல்லால் கடித்தார், பிறகு எழுந்து, "நாளைக்கு மத்தியானம் வரச் சொல்லு. மெஷின் உடைஞ்சு போச்செண்டு சொல்லு" என்றார்.

மறுநாள் அவரோடு நானும் போனேன். வாசலில் வழக்கம்போல் ஒரு கையைச் சுவரில் ஊன்றிக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார். உள்ளே தவமணி அக்கா சந்தைக்குப் போகிற சப்பாத்தோடு, முருகன் படத்துக்கு முன்னால் நின்றார். பக்கத்தில் இரத்தினம் அண்ணை, உணவகத்தில் கோப்பை கழுவப் போடுகிற தடித்த சப்பாத்தோடு. பிள்ளைகள் பள்ளிக்கூடச் சப்பாத்தோடு, எப்போது கழற்றலாம் என்று நெளிந்துகொண்டு. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சந்தைச் சேறு தரையெல்லாம் அப்பியிருந்தது. பிறந்த நாள் முதல் வீட்டுக்குள் சப்பாத்துப் போட்டறியாத மனுஷி தவமணி அக்கா. முகம் கூச்சத்தில் சிவந்திருந்தது. ஆனாலும் அசையவில்லை.

"வாங்கோ ஐயா" என்றார்.

சாரத்துரை மெதுவாக நிமிர்ந்தார். நாடாவைத் தொடவில்லை. ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தார், எங்கள் முகங்களைப் பார்த்தார், மற்றக் காலையும் வைத்தார். தேத்தண்ணி வேணுமா என்று அக்கா கேட்டபோது, "ஓம், வேணும்" என்றார். அந்த வீட்டில் அவர் ஓம் என்று சொன்னது அன்றுதான். கண்ணைத் துடைக்க மெஷினுக்குப் பின்னால் போய் நெடுநேரம் குனிந்திருந்தார். நாங்கள் முருகனைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவர் போனபிறகு நான், வீடு இப்படி ஆகிவிட்டதே என்றேன். "நிலத்தைக் கழுவலாம், சாந்தி. வெட்டின காலை ஒட்ட ஏலாது" என்று அக்கா வாளியை எடுத்தார். பிறகு அவர் வருகிற வீடுகளிலெல்லாம் அப்படியே நடந்தது. அவர் வருகிற நாட்களில் நாங்கள் எல்லோரும் சப்பாத்தோடு நின்றோம். அவர் போனதும் கழுவினோம். அதற்குப் பிறகு அவருடைய காலுறைகள் எல்லோருடையதையும் போலக் குதியில்தான் தேய்ந்தன.

செய்தி கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது தவமணி அக்காவும் இரத்தினம் அண்ணையும் அங்கே நின்றார்கள். சவப்பெட்டி ஏற்பாடு செய்கிறவர்கள் அவருக்குப் போட உடுப்புக் கேட்டார்கள். கில்டை எப்படிச் சுற்றுவதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. இரத்தினம் அண்ணைதான் சாரம் கட்டுகிற கையால் அதைச் சரியாகச் சுற்றிவிட்டார். பிறகு அறைக் கதவைத் திறந்து, "சாந்தி, சொக்ஸ் உம்மடை வேலை" என்றார்.

அடுத்த நாள் வந்த தமக்கையார், ஞாபகத்துக்கு எதையாவது எடுங்கள் என்று அலுமாரியைத் திறந்து காட்டினார். நான் ஒன்றும் எடுக்கவில்லை. எனக்கு வேண்டியது முந்தின நாள் அண்ணை கதவைத் திறந்தபோதே கிடைத்திருந்தது. அன்று சாம்பல் நிறச் சோடி ஒன்றை எடுத்துக்கொண்டு சாரத்துரையின் காலடியில் இருந்தேன். இடது காலுக்குப் போட்டு, முழங்காலுக்குக் கீழே மடித்துவிட்டேன். பிறகு ஊசி ஏறிய வலது காலைக் கையில் எடுத்தேன். அதற்கும் போட்டேன்.