வார்டு காசு

காய்ச்சலில் படுத்துக் கிடந்தவளைப் பார்த்து வயிறெரிந்தவள் நான். சேலை, நகை, வீடு என்று பொறாமைப்பட ஊரில் எத்தனையோ இருக்க, என் ஓரகத்தி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்ததைப் பார்த்துத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஓரகத்தி என்றால் என் கணவருடைய தம்பி மனைவி. கூலிம் டவுனில் ஒரு ஃபேக்டரியில் வேலை. அங்கே நிரந்தரமானவர்களுக்கு ஓர் இன்சூரன்ஸ் உண்டு. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால், படுத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு என்று கையில் காசு வந்துவிடும். பில் கட்டத்தான் என்றில்லை. எந்த ஆஸ்பத்திரி, என்ன செலவு என்று ஒருவரும் கேட்பதில்லை. சம்பளமும் அதுபாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். ஃபேக்டரிப் பெண்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் வார்டு காசு. அவர்களில் விவரமானவர்கள் பிரைவேட் பக்கம் தலைவைத்தே படுப்பதில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து, வார்டு காசில் வீட்டுக்கு ஏதாவது வாங்கிப் போட்டுவிடுவார்கள்.

நான் சுங்கைப்பட்டாணியில் ஒரு துணிக்கடையில் பிளவுஸ் தைக்கிறேன். தைத்தால்தான் காசு. உடம்புக்கு முடியவில்லை என்றால், "பார்த்து நடந்துக்கம்மா" என்பார் முதலாளி. நல்ல மனிதர்தான். ஆனால் அதோடு சரி.

என் பித்தப்பையில் கல். எண்ணெய்ப் பலகாரம் எதைத் தின்றாலும் வலி பிடுங்கி எடுக்கும். ஆப்பரேஷனுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் கொடுத்த தேதியை ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போட்டிருந்தேன். அடுத்த தேதி, பிளவுஸ் மலைபோல் குவியும் தீபாவளி சமயத்தில் வந்து விழுந்தது. என் கணவர் கரங்கான் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். என்னை ஒரு வார்த்தை கேட்காமல், அந்த நாட்களுக்கு லாரியை வேறு ஆளிடம் விட ஏற்பாடு செய்துவிட்டார். "நானும் தைக்காம, நீங்களும் ஓட்டாம, காத்தையா குடிக்கிறது?" என்று சத்தம் போட்டேன். அவர் ஏற்பாட்டை மாற்றவில்லை. இந்தத் தேதியையும் தள்ளிவிடலாம் என்றுதான் மனதுக்குள் வைத்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து அவளுக்கு டெங்கி. என் ஆப்பரேஷனுக்குத் தேதி கொடுத்த அதே ஆஸ்பத்திரியில்தான் அவளையும் சேர்த்தார்கள். அதே கட்டில், அதே மின்விசிறி, அதே உப்பில்லாத சாப்பாடு. அவள் படுத்தால் வரவு, நான் படுத்தால் வெட்டு. எங்கே போய் முட்டிக்கொள்வது?

தினமும் சாயந்திரம் மாமியார் பிழிந்து கொடுக்கும் பப்பாளி இலைச் சாற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். பாசம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எப்போது வெளியே விடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"இன்னும் பிளேட்லெட் ஏறலயாம்க்கா. இருக்கச் சொல்றாங்க லா," என்பாள்.

அவளுக்குப் பிளேட்லெட் இறங்க இறங்க எனக்கு ரத்தம் கொதித்தது.

என் கொழுந்தனார் முதல் நாள் அவளைக் கொண்டுவந்து சேர்த்ததோடு சரி. ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு கோலா கெடாவுக்குத் தூண்டில் போடப் போய்விட்டார். பிடித்த மீனைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பியிருந்தார். அவள் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"பெரிய மீனுதான்," என்றேன். வார்டு காசில் இவள் புது ஃபிரிட்ஜ் வாங்குவாளோ என்று என் புத்தி அங்கேதான் ஓடியது.

ஒருவழியாக வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னார்கள். அழைத்துவர நானும் என் கணவரும் மாமியாரும் போனோம். அன்றைக்கும் கொழுந்தனாருக்கு ஏதோ வேலை. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, வார்டு நர்ஸான தமிழ் மிஸ்ஸியிடம் என் ஓரகத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "போயிட்டு வர்றேன் மிஸ்ஸி."

மாமியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கே வேண்டுமானாலும் சொல்லலாம், சாவு வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் மட்டும் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. "என்ன பேச்சு பேசுற? மறுபடியும் இங்க வந்து படுக்கணுமா உனக்கு?" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். நாக்கு நிற்கவில்லை. "வந்து படுத்தாத்தானே காசு. ருசி கண்டுட்டா, விடுங்கத்தே," என்றேன்.

மாமியார் முணுமுணுத்துக்கொண்டே கார் எடுக்கப் போன மகன் பின்னாலேயே போய்விட்டார். நாங்கள் இருவரும் வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"காசுக்காகச் சொல்லலக்கா," என்றாள் அவள். முகத்தில் கோபம் இல்லை. "காலையில எழுந்திரிச்சதும் அந்த மிஸ்ஸி வந்து, தூங்கினீங்களா, சாப்பிட்டீங்களான்னு கேக்கும். வீட்ல யாருக்கா என்னைய அப்படிக் கேக்குறா? அதான் வாய்தவறி வந்துருச்சு."

 அவளே பேச்சை மாற்றினாள்.

"உங்க ஆப்பரேஷனுக்கு யாருக்கா கூட இருப்பா? நான் வேணா லீவு கேக்கட்டுமா?"

"அவருதான் இருக்காரே. லாரிய வேற ஆளுகிட்ட விட்டுட்டாரு. பொம்பளைங்க வார்டுல எந்நேரமும் விடமாட்டாங்கன்னு சொன்னாலும் கேக்கல. வராந்தாவுல உக்காந்திருப்பாராம்."

"அத்தனை நாளும் சம்பளம் இல்லாமயா?"

"ஆமா. ஒத்தக் காசு வராது."

குறையாகத்தான் சொன்னேன்.  ஆனால் அவள் உதடு இறுகிப் போயிற்று. கார் நிறுத்தும் இடத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, என்னை ஓரக்கண்ணால் ஒருமுறை அளந்தாள். அது எப்படிப்பட்ட பார்வை என்று வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். இத்தனை நாளாக அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்த பார்வை அது.

பாவமாக இருந்தது என்று எழுதினால் நல்லவளாகத் தெரிவேன். பாவமாக இல்லை. இனித்தது. என்னைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்படுவாள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. தீபாவளியாவது பிளவுஸாவது, இந்தத் தேதியைத் தள்ளப்போவதில்லை என்று அந்தப் பெஞ்சிலேயே முடிவு செய்துவிட்டேன்.

"லீவெல்லாம் வேணாம்," என்றேன் அவளிடம். "சாயந்திரமா ஒரு நாள் வந்து பாரு. வராந்தாவுலதான் உக்காந்திருப்பாரு."