மங்கி குல்லா போட்ட உள்ளூர்க்காரன்

காலில் ஆறாத புண். சர்க்கரை குறையாவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி இனிப்பே வாங்க மாட்டேன் என்று மனைவியிடம் சத்தியம் செய்தேன்.

சத்தியத்தை மீறவில்லை. வாங்கினால்தானே மீறல்? கொடைக்கானல் சாக்லேட் கடைகளில் டூரிஸ்டுகளுக்கு ருசி பார்க்க ஒரு துண்டு இலவசமாகத் தருவார்கள். இதே ஊரில் பிறந்த நான் மங்கி குல்லாவை மாட்டிக்கொண்டு டூரிஸ்ட் ஆகிவிட்டேன். தினமும் ஏழெட்டுக் கடை.

ஒருநாள், மேட்டுக் கடை பாய் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“எந்த ஊருங்க?”

“மதுரைங்க.”

“மதுரைக்காரனுக்கு இந்த மேடு ஏறுனா மூச்சு வாங்கும். நீங்க கால் கட்டோட நொண்டிக்கிட்டே ஏறியும் ஒண்ணும் வாங்கலயே!”

கடையே சிரித்தது.

“ஓசித் துண்டுக்கு இவ்வளவு பேச்சாய்யா?” என்று கத்தினேன்.

“எங்க அண்ணனும் சர்க்கரைப் புண்ணோட இப்படித்தான் திருட்டுத்தனமாத் தின்னான். இப்ப முழங்காலுக்குக் கீழ ஒண்ணுமில்ல. கடைத்தெரு முழுக்கச் சொல்லிட்டேன், ஒருத்தரும் தர மாட்டாங்க. வெரசா கெளம்புங்க!”

நம்பாமல் அடுத்த கடைக்குப் போனேன். என்னைக் கண்டதும் அங்கிருந்த பெண் டப்பாவை மூடினாள். அதற்கடுத்த கடையிலும் அப்படியே. அன்று கடைத்தெரு முழுவதையும் வாயார வைதுகொண்டே வீடு திரும்பினேன்.

சில மாதங்களில் புண் ஆறிவிட்டது. பத்து விரலோடுதான் அந்த மேட்டில் ஏறுகிறேன். பாய் இன்றும் முறைக்கிறார், நானும் முறைக்கிறேன். நன்றி சொல்ல வாய் வரவில்லை. குல்லா மட்டும் போடுவதில்லை.