என் வாயிலிருந்து உண்மையை வரவழைத்தவர்

அந்த வியாழக்கிழமை காலையில் பதினொரு பையன்களை வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். எல்லாரும் என் கையால் சாப்பிட்டவர்கள். கட்டில் போதாமல் நாலு பேர் தரையில் கிடந்தார்கள். வாந்தியும் பேதியும் நிற்கவே இல்லை. தண்டலம் பக்கத்து ஆஸ்பத்திரி வராந்தாவில், சுவரில் சாய்ந்துகொண்டு நின்றேன். செத்துப்போனால் நல்லது என்று தோன்றியது. பிரியமானவர்களே, அங்கிருந்துதான் என் சாட்சி தொடங்குகிறது.

என் பெயர் எஸ்தர். சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். என் வீட்டுக்காரர் செல்வராஜுக்கு வாகன உதிரிபாகக் கம்பெனியில் பேக்கிங் வேலை கிடைத்ததால் 2001-இல் ஒரகடம் வந்தோம். நம்ம பக்கத்துப் பையன்கள் நிறையப் பேர் வாடகை அறைகளில் தங்கி, ஷிப்டு முடிந்து பசியோடு வருவார்கள். பார்க்கப் பாவமாக இருக்கும். முதலில் நாலு பேருக்குச் சமைத்தேன். பிறகு பதினாலு பேர். "அக்கா சாப்பாடு" என்றே பெயர். தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கொடுப்பேன். எனக்கே அதில் ஒரு பெருமை.

2005 கோடையில் தனசேகர் என்ற கான்ட்ராக்டர் வீட்டுக்கு வந்தார். கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புகிறவர். அவருடைய ஆட்களுக்குச் சாப்பாடு போட்டவர்கள் திடீரென்று விலகிவிட்டார்களாம்.

"நூத்தியிருவது சாப்பாடு. திங்கக்கெழமையிலருந்து. இன்னாம்மா யோசிச்சிகினு கீற? ஒரு வார்த்த சொல்லு" என்றார்.

அன்று இரவு என் வீட்டுக்காரர் கேட்ட கேள்விகள் இன்னும் நினைவிருக்கின்றன. "எஸ்தரு, பதினாலு பேருக்கு ஆக்குததும் நூத்தியிருவது பேருக்கு ஆக்குததும் ஒண்ணா? பாத்திரம் எங்க? கைக்கு ஆளு எங்க? கெணறு வத்திப்போச்சு, தண்ணிக்கு என்ன பண்ணுவ?"

"கர்த்தர் வாசலத் திறந்திருக்காரு. நீங்க அவிசுவாசமாப் பேசாதிய" என்றேன்.

மூன்று நாள் உபவாசம் இருந்தேன். ஆனால் கேட்பதற்காக இருக்கவில்லை. முடிவை நான் ஏற்கெனவே எடுத்திருந்தேன். அதில் ஆண்டவரைக் கையெழுத்துப் போடச் சொன்னேன், அவ்வளவுதான். தண்ணீரையே அடையாளமாகக் கேட்டேன். "ஆண்டவரே, இந்த வறட்சியில் எனக்குத் தண்ணீர் கிடைத்தால் இது உமக்குச் சித்தம் என்று எடுத்துக்கொள்வேன்." மறுநாளே ஒரு டேங்கர் லாரிக்காரர் வாடிக்கையாக ஊற்ற ஒத்துக்கொண்டார். முழங்கால் போட்டு அழுதேன், ஸ்தோத்திரம் சொன்னேன்.

லாரிக்காரர் நேர்மையானவர். முதல் நாளே சொன்னார்: "யக்கா, இது குளிக்க, தொவைக்கத்தான். குடிக்கிறதுன்னா காய்ச்சிக்கோ."

காய்ச்சினேன். ஒரு வாரம் காய்ச்சினேன். இருந்தது இரண்டே அடுப்பு. சோறு, குழம்பு, கூட்டு எல்லாம் அதிலேயே ஆக வேண்டும். பதினொரு மணிக்கு வண்டி வாசலில் ஹாரன் அடிக்கும். இரண்டாவது வாரம் புதன்கிழமை கைவேலைக்கு வைத்திருந்த பெண்ணும் வரவில்லை. மோர் கலக்கக் காய்ச்சிய தண்ணீர் இல்லை. லாரித் தண்ணீர் பிடித்து வைத்திருந்த டிரம்மைப் பார்த்தேன். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. பரவாயில்லை, ஒரு நாள்தானே என்று நினைத்து மொண்டு ஊற்றினேன்.

தெரியாமல் செய்தேன் என்று சபையில் பொய் சொல்ல மாட்டேன். தெரிந்தேதான் செய்தேன்.

மறுநாள் காலை ஒவ்வொருவராக விழுந்தார்கள். ஆஸ்பத்திரியில் தனசேகர் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"டாக்டரு கேட்டா, பசங்க ரோட்டாண்ட பரோட்டா துன்னாங்கன்னு சொல்லிடு. புரியுதா? வாயத் தொறந்தன்னா நீயும் உள்ள, நானும் உள்ள."

தலையாட்டினேன். அவர் போனதும் ஜெபித்தேன். என்ன ஜெபம் தெரியுமா? "ஆண்டவரே, என்னைக் காப்பாற்றும். எனக்கு வெட்கம் வராமல் காப்பாற்றும்." திரும்பத் திரும்ப அதையே கேட்டேன். உள்ளே ஒரு பையன் "அம்மா, அம்மா" என்று முனகும் சத்தம் கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நேரமும் அந்தப் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தைகூட நான் கேட்கவில்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்தேன். "ஆண்டவரே, எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும். ஜெயிலுக்குப் போனாலும் போகிறேன். ஒரு பிள்ளையும் சாகக்கூடாது. ஒருத்தன்கூட."

கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா வெளியே வந்தார். "இவங்களுக்குச் சமைச்சது யாரு?"

தனசேகர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் குரலை நானே கேட்டேன்.

"நான்தாம்மா. நேத்து மோருல பச்சத் தண்ணி ஊத்துனேன். லாரித் தண்ணி. காய்ச்சவே இல்ல."

டாக்டரம்மா திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "வேற யாரெல்லாம் குடிச்சாங்க? இன்னிக்கு வேலைக்கு வராதவங்க எத்தன பேரு? சீக்கிரம் சொல்லுங்க" என்றார்.

அதுவரை அதை யாரும் யோசிக்கவில்லை. வராதவர்கள் லீவு போட்டிருப்பார்கள் என்றே நினைத்திருந்தார்கள். தினமும் வண்டியில் போய் நானே பரிமாறியதால் எனக்கு ஒவ்வொரு முகமும் தெரியும். பெயர் சொல்லச் சொல்ல, அதற்குள் வந்து சேர்ந்திருந்த என் வீட்டுக்காரர் எழுதிக்கொண்டார். இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஒவ்வோர் அறையாக ஓடினார். வடக்குப்பட்டில் ஓர் அறை உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டியும் திறக்கவில்லை. கதவை உடைத்தார்கள். முத்துக்குமார் என்ற பையன் மட்டும் உள்ளே நினைவில்லாமல் கிடந்தான். சங்கரன்கோவில் பக்கத்துப் பிள்ளை. கூடத் தங்கியிருந்தவர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். அவன் அங்கே கிடப்பது யாருக்கும் தெரியாது. சாயங்காலம் வரை கிடந்திருந்தால் முடிந்திருக்கும் என்று டாக்டரம்மா பிறகு சொன்னார்.

அவனுக்குக் கிட்னி வேலை செய்யவில்லை. ஒன்பது நாள். ஒன்பது நாளும் வராந்தாவில் இருந்தேன். போலீஸ் வந்து விசாரித்தார்கள். சுகாதாரத்துறையிலிருந்து வந்து அடுப்படியை மூடினார்கள். கேட்ட எல்லாவற்றுக்கும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். தெருவில் யாரும் என்னோடு பேசவில்லை. பத்தாவது நாள் முத்துக்குமாருக்குச் சிறுநீர் பிரிந்தது. நர்ஸ் வந்து சொன்னபோது அந்த இடத்திலேயே விழுந்து கர்த்தரைத் துதித்தேன். ஒருத்தன்கூட சாகவில்லை. நான் கேட்டதை அவர் அப்படியே தந்தார்.

ஆனால் அந்தப் பிள்ளை மறுபடி லைனில் நின்று வேலை செய்ய முடியாமல் ஊருக்கே போய்விட்டான். புறப்படும் அன்று அவன் அப்பா காலில் விழப் போனேன். அவர் விலகிக்கொண்டார்.

"நீ மறைச்சிருந்தா எம்புள்ளயப் பொணமாத்தான் தூக்கிட்டுப் போயிருப்பேன், தாயி. அது எனக்குத் தெரியும். ஆனா உன்ன மன்னிக்க இன்னும் மனசு வரல" என்றார்.

அதையும் வாங்கிக்கொண்டேன். அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

அந்தப் பிள்ளைகளைப் படுக்க வைத்து ஆண்டவர் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார் என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். படுக்க வைத்தது நான். எழுப்பினவர் அவர்.

ஒரு வருஷத்துக்கு மேல் என் வீட்டுக்கு மட்டுமே சமைத்தேன். பிறகு அனுமதி வாங்கி, முப்பது பேருக்கு ஆரம்பித்தேன். போன மாதம் ஒரு கம்பெனியிலிருந்து இருநூறு பேருக்குக் கேட்டார்கள். முழங்காலில் நின்றேன். இந்த முறை அடையாளம் எதுவும் கேட்கவில்லை. "நான் தவறினால் யாருக்கு அடிபடும், ஆண்டவரே, காட்டும்" என்று மட்டும் கேட்டேன். எழுந்துபோய் என் அடுப்புகளையும் ஆட்களையும் பார்த்தேன். "என்னால இப்ப முடியாதுங்க" என்று சொல்லி அனுப்பினேன். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

சொந்தத் தொழில் ஆரம்பிக்கப் பிரியப்படும் தம்பிகளே, தங்கச்சிகளே, நீங்கள் முடிவு செய்துவிட்டு அவரிடம் போகாதீர்கள். வெறுங்கையோடு போய்க் கேளுங்கள். "இப்போது வேண்டாம், பிள்ளையே" என்று அவர் சொன்னால், அதுவும் ஜெபத்துக்குக் கிடைத்த பதில்தான். அந்தப் பதிலை நம்பிக் காத்திருங்கள்.